உங்களுக்குத் தெரியுமா? கடுகண்ணாவை ஏற்றமும் டர்போவும்

கடுகண்ணாவை ஏற்றம் ஏறிக் கண்டிக்கு வந்ததும், புதிதாய் டர்போ பூட்டிய காரின் எஞ்சினை உடனே நிறுத்திவிடாதீர்கள். நிமிடத்துக்கு 100,000 சுற்றுக்கு மேல் சுழலும் டர்போவின் தண்டு, ஒயில் படலத்தில்தான் மிதக்கிறது. எஞ்சின் நின்றால் ஒயில் ஓட்டமும் நிற்கும்; சூட்டில் தேங்கிய ஒயில் கரியாகிப் பேரிங்கைத் தின்னும். ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துங்கள்.

டர்போவிலிருந்து ஒயில் திரும்பும் குழாய் நெளியாமல் கீழ்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒயில் தேங்கி, சீல் வழியே கசிந்து, நீலப் புகை கிளம்பும். குழாயைப் பார்க்காமல் டர்போவையே மாற்றுவோர் பலர். எவ்வளவு வீண் செலவு!

இன்னொன்று: எரிபொருள் அளவை டியூன் செய்யாமல் பூஸ்ட்டை (டர்போ தரும் காற்றழுத்தத்தை) கூட்டி, 92 ஒக்டேன் பெற்றோலில் மலையேறினால் நொக்கிங்கில் (எரிபொருள் தாறுமாறாக வெடிப்பதில்) பிஸ்டனே உடையலாம். முதலில் டியூனிங், பிறகு 95 ஒக்டேன், கடைசியாகத்தான் பூஸ்ட்.