திரும்பிச் செல்லும் பாதை

வேலையின் மிகுதியாலேயே மனம் நோயுற்று, மாதக்கணக்கில் வீட்டிலிருந்து சிகிச்சை பெற்றுத் தெளிந்த ஒருவர், தாம் எங்கே நிலைகுலைந்தாரோ அதே காரியாலயத்திற்கு மறுபடியும் செல்ல நேரும்போது அனுபவிக்கும் அச்சத்தை, வெறும் கோழைத்தனமென்று எண்ணிவிடலாகாது.

ஜப்பான் தேசம் இதனை நன்கு உணர்ந்தது, பெரும் துயரத்தின் பின்னரே. 1991-இல் டென்ட்சு என்னும் விளம்பர நிறுவனத்தில், இரவு பகலாக உழைத்து மனச்சோர்வுக்கு ஆளான 24 வயது இளைஞர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். பெற்றோர் தொடுத்த வழக்கில், மிதமிஞ்சிய களைப்பால் ஊழியரின் மன ஆரோக்கியம் கெடாமல் காப்பதும் முதலாளியின் கடமையே என்று 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004-இல், விடுப்பு தொடங்கும் நாள் முதல் திரும்பி வந்தபின் தொடரும் கவனிப்பு வரை, ஐந்து படிகள் கொண்ட வழிகாட்டியை அந்நாட்டு அரசாங்கம் வெளியிட்டது.

அதில் நான் மிகவும் மதிப்பது ஒரு நுட்பமான எச்சரிக்கை. வேலைக்குத் திரும்பலாம் என்று மருத்துவர் சான்றிதழ் அளித்தால், நோயின் அறிகுறிகள் தணிந்தன என்பதே பெரும்பாலும் அதன் பொருள். எட்டு மணி நேரம் நாற்காலியில் அமர்ந்து, பிறர் குறுக்கிட்டுப் பேசுவதையும் தாங்கிக்கொண்டு, கணக்கை முடித்துத் தரும் சக்தி வந்துவிட்டதென்று அதற்கு அர்த்தமன்று. ஆகையால், காலையில் உரிய வேளையில் எழுந்து, ரயிலேறிக் காரியாலயத்தின் அருகுவரை சென்று திரும்புவதும், நூல்நிலையத்தில் பகற்பொழுதைப் படிப்பில் கழித்துக் கவனத்தைப் பழக்குவதும், பிறகு சில நாட்கள் பரீட்சார்த்தமாக வேலையிடத்திற்கு வந்துபோவதும் அங்கே வழக்கமாயின. இத்தகைய பயிற்சியை அளிக்கும் மருத்துவ நிலையங்களும் தோன்றின. பூரணமாகத் திரும்பியபின்னரும், ஆரம்பத்தில் குறுகிய நேர வேலையும், மிகைநேர வேலைக்குத் தடையும் உண்டு.

இவ்வளவு பொறுமைக்குப் பணம் வேண்டுமல்லவா? சுகாதாரக் காப்பீடு ஊதியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை ஒன்றரை ஆண்டுவரை அளிக்கிறது. வேலையே நோய்க்குக் காரணமென்று அங்கீகாரம் கிடைத்தால், தொழில் விபத்துக் காப்பீட்டிலிருந்து சுமார் 80 சதவீதம் கிடைக்கும்.

முதலில் பழைய இடத்திற்கே திரும்புவது என்பது வழிகாட்டியின் பொதுவிதி. புதிய இடமும் புதிய மனிதர்களும் புதிய பாரமாகலாம் என்பது அதன் நியாயம். ஆயினும், நோய்க்குக் காரணம் அந்த இடமே என்று தெரிந்தால், வேறு பிரிவுக்கு மாற்றுவதை யோசிக்கவும் அது இடமளிக்கிறது. இந்த விதிவிலக்கையே நான் பிரதானமாகக் கருதுகிறேன்: நோயாளி தேறினாரா என்று பலமுறை சோதிக்கும் நிர்வாகம், அவரது பழைய பிரிவில் மிகைநேர வேலை குறைந்ததா, அங்குள்ள மேலதிகாரியின் கடுமொழி நின்றதா என்று ஒருமுறையேனும் விசாரித்த பிறகே அவரை அழைக்க வேண்டும்.