குறும்பார்வையும் மாணாக்கர் கல்வியும்

கற்றோரையே கண்ணுடையோர் எனப் போற்றுவது தமிழர் மரபு. ஆயினும், அக்கல்வியைப் பெறுதற்குப் புறக்கண்ணும் தெளிவாயிருத்தல் வேண்டும் என்பதை நாம் பலகால் மறந்துவிடுகின்றோம். பின்வாங்கில் அமர்ந்திருக்கும் சிறுவனொருவன் கரும்பலகையில் உள்ளதைப் பிழைபட எழுதுகின்றான். அயலவன் கொப்பியை எட்டிப் பார்க்கின்றான். அவனை மந்தன் என்று கடிந்துகொள்ளுதல் எளிது. புத்தகத்தைக் கையிற் கொடுத்தால் அவனே தட்டின்றி வாசிப்பானாயின், குறை அறிவிலன்று, பார்வையிலே என்று ஐயுறல் வேண்டும்.

இக்குறை குறும்பார்வை எனப்படும். கிட்டப்பார்வை என்பாரும் உளர். இரணைமடுக் குளக்கட்டில் நிற்கும் ஒருவனுக்குக் காலடியிலுள்ள கல் தெளிவாகவும், சற்றப்பால் நீரில் நிற்கும் கொக்கு உருவந் தெரியாத வெண்புள்ளியாகவும் தோன்றுவது இதனாலேயாம். வளர்ந்தோரின் கண்கோளம் முன்பின்னாக ஏறக்குறைய 24 மில்லிமீற்றர் நீளமுடையது. அது அளவுக்கு மிஞ்சி நீளுமாயின், தொலைப்பொருளின் ஒளிக்கதிர்கள் விழித்திரையை அடையுமுன்னரே குவிந்துவிடும், காட்சி மங்கும். கதிர்கள் இவ்வாறு விழித்திரைக்கு முன்னரே குவிவதை 1604ஆம் ஆண்டிலே கெப்ளர் என்னும் வானநூலறிஞர் விளக்கினார்.

குழிவு வில்லை பொருத்திய மூக்குக்கண்ணாடி, கதிர்களைச் சற்றே விரித்து விழித்திரையிற் சேர்ப்பிக்கும். −2 எனக் குறித்த கண்ணாடி வேண்டியவர், அஃதின்றி அரை மீற்றருக்கு அப்பாலுள்ளதைத் தெளிவாகக் காணார். "கண்ணாடி போட்டால் கண் இன்னும் கெடும்" என்று அஞ்சுவோர் நம்மிடையே பலர். பெண்பிள்ளையாயின், கலியாணப் பேச்சுக்கு இடையூறாகும் என்று மறைப்போரும் உளர். இவ்வச்சம் ஆதாரமற்றது. மலேசியாவிலே 2002இல் வெளியான ஆய்வொன்றில், தேவையிலும் வலுக் குறைந்த கண்ணாடி அணிந்த பிள்ளைகளுக்கே குறை விரைந்து கூடிற்று.

ஆயினும் சாதாரணக் கண்ணாடி பார்வையைத் திருத்துமேயன்றிக் கோளம் நீள்வதைத் தடுக்காது. நீட்சி மிகுந்தால், பிற்காலத்தில் விழித்திரை கழன்று பார்வையே இழக்க நேரிடலாம். ஆதலின் வருமுன் காத்தலே சிறந்தது. அதற்குரிய மருந்து வானத்து வெளிச்சமே என்பது அண்மைக்கால ஆய்வுகளின் முடிபு. சீனத்துக் குவாங்சோ நகரிலே பாடசாலை நாள்தோறும் 40 நிமிடம் மேலதிகமாக வெளியில் விடப்பட்ட பிள்ளைகளுள், மூன்றாண்டில் நூற்றுக்கு 30 பேரளவிலே குறும்பார்வை எய்தினர். அவ்வாறு விடப்படாதோருள் அத்தொகை 39ஐக் கடந்தது. 2015இல் இம்முடிபு வெளியாயிற்று. தைவான் அரசாங்கமோ 2010 தொடக்கம் நாளொன்றுக்கு இரண்டு மணிநேரம் பிள்ளைகளை வெளியே இருத்தும் திட்டத்தை நடாத்துகின்றது. பேரொளியிலே விழித்திரையிற் சுரக்கும் ஒரு பொருள் கோளத்தின் நீட்சியை அடக்குகின்றது எனக் கருதப்படுகின்றது. குறை ஏற்கெனவே தோன்றியோர்க்கு, அது கூடாதிருக்க அத்திரப்பீன் என்னும் மருந்தை மிகக் குறைந்த அளவிலே கண்ணில் விடுவதும் உண்டு. அது கண்வைத்தியரின் மேற்பார்வையிலேயே நிகழவேண்டும்.

வயலும் குளமும் வெட்டவெளியுமாய் விளங்கும் நம் வன்னியில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் நேரத்துக்கே. விடியலில் ஒரு ரியூசன், பள்ளி விட்டதும் இன்னொன்று, எஞ்சிய பொழுதில் கைத்தொலைபேசி என்றால், பிள்ளை வெயிலைக் காண்பது எப்போது? மாலைப்பொழுதை விளையாட்டுக்கு விடுதல் கல்விக்கு இழப்பன்று. கல்வி பெறும் கண்ணுக்குக் காவல்.

பழைய மாணவர்களாகிய நாம் செய்யத்தக்கது யாது? பாடசாலை வைத்தியப் பரிசோதனையிற் பார்வைக் குறை கண்ட பிள்ளை கண் சிகிச்சைப் பிரிவுக்கு உண்மையிற் சென்றதா என்று வினவுதல் ஒன்று. வறிய பிள்ளைக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தல் மற்றொன்று. வளரும் பருவத்தில் அதனை ஆண்டுதோறும் சோதித்து மாற்றவும் வேண்டும். கட்டடமும் மண்டபமும் எழுப்புதல் நன்றே. கரும்பலகை தெரியாத பிள்ளைக்கு அதனைத் தெரியச் செய்தல் அதனினும் முந்திய கடனாகும்.