நீச்சலில் மூச்சு

நம் தோட்டத்துப் பிள்ளைகள் ஆற்றில் கைகளை மாற்றி மாற்றி வீசி நீந்துவார்கள்; தலை மட்டும் நீருக்கு மேலேயே நிற்கும். விரைவில் களைத்துவிடுவார்கள். கையில் பலமில்லை என்று நினைக்கிறோம். காரணம் அதுவன்று. காற்று நிறைந்த நெஞ்சு மிதக்கும், கால்கள் தாழும். தலையைத் தூக்கினால் அவை இன்னும் தாழ்ந்து, உடல் சாய்ந்து, நீர் எதிர்த்துத் தடுக்கும்.

முகத்தை நீரில் வைத்து, மூச்சை உள்ளேயே சிறிது சிறிதாக விடவேண்டும். அடக்கிவைத்தால், வாய் வெளியே வரும் ஒரு நொடியில் விடவும் இழுக்கவும் நேரம் ஏது? உடம்பு பக்கவாட்டில் புரளும்போது முகத்தையும் அதனோடு திருப்பி இழுத்தால் போதும்.

பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, ஓட்டமில்லாத இடுப்பளவு நீரில் பழக்குங்கள். ஈயக்குட்டை வேண்டவே வேண்டாம். கரையை விட்டதும் ஆழம் சட்டென்று இறங்கிவிடும்.