நாவின் கட்டும் அதன் தீர்வும்

தமிழ் எழுத்துகள் பிறப்பதற்குரிய இடங்கள் எட்டு எனத் தொல்காப்பியப் பிறப்பியல் வகுத்துரைக்கின்றது. அவற்றுள் பெரிதும் இயங்குவது நாவே. ட, ண, ர, ல, ழ, ள ஆகியன நா மேலெழுந்தாலன்றிப் பிறவா. அந்நாவைக் கீழ்வாயோடு இறுகப் பிணிக்கும் பிறவிக் குறை ஒன்றுண்டு. 'நாக்கு ஒட்டியிருக்கிறது' என மக்கள் கூறுவது இதனையே.

நாவின் அடியில் மெல்லிய சவ்வு எல்லார்க்கும் உண்டு. அது குறுகியோ தடித்தோ நுனிவரை நீண்டோ இருப்பின் நா உயராது. சில பச்சிளங் குழந்தைகள் பால் பற்ற இயலாது வருந்தும். தாய்க்கும் காம்பில் புண் உண்டாகும்.

எனினும், கண்டவுடன் அறுத்தல் முறையன்று. முதற்கண் பாலூட்டும் முறையை அறிந்தோர் அருகிருந்து திருத்துதல் வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையும் இதனை வலியுறுத்துகின்றது. அதன் பின்னும் இடர் நீங்காவிடின் மருத்துவர் சவ்வைக் கத்தரியால் சிறிதே விடுவிப்பார். சில நொடிகளில் முடிந்துவிடும். குருதிப்போக்கும் பெரும்பாலும் சொற்பமே. குழந்தை உடனே பால் அருந்தலாம். வளர்ந்த பிள்ளைகட்கு மயக்க மருந்தும் தையலும், தேவைக்கேற்பப் பேச்சுப் பயிற்சியும் வேண்டியிருக்கலாம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசல் பகுதியில் வாழும் நாம் இரண்டினைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். 'பழம்' என்பதைப் 'பளம்' என்பது தென்பாண்டி நாட்டு வழக்கு. அது நாவின் குறையன்று. மற்றொன்று இதனினும் முதன்மையானது. நாக்கட்டு சில ஒலிகளைத் திரிக்கலாமேயன்றி, பேச்சே எழாதவாறு தடுப்பதில்லை. இரண்டு வயதாகியும் சொற்கள் வாராத பிள்ளைக்கு முதலில் ஆராய வேண்டியது செவிப்புலனை. 'இவன் தகப்பனும் தாமதமாகத்தான் பேசினான்' என்று காத்திருப்பதும், வசம்பை உரைத்து நாவில் தடவுவதும், நாவை மட்டும் அறுத்துவிட்டு அமைவதும் செவிட்டுக் குழந்தையின் மொழி கற்கும் பருவத்தை வீணாக்கும். அப்பருவம் மீண்டும் வாராது.

2013இல் தொடங்கப்பெற்ற தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றனர். ஐயமுள்ள பிள்ளைகளை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்திற்கு அனுப்புகின்றனர். 2022இல் திறக்கப்பெற்ற விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் நமக்கு அணித்தே உள்ளது. விதைப்பும் அறுப்பும் தறியும் ஆலையுமாக ஓய்வின்றி உழைக்கும் பெற்றோர்க்கு இச்செய்தியை எடுத்துச் சொல்வது பெரியோர், ஆசிரியர், மாணவர் ஆகிய நம் அனைவரின் கடமையாகும்.