தேதியை மாற்ற ஆள் தேட வேண்டாம்

பள்ளியில் சேர்க்கைக்கான கடைசித் தேதி தள்ளிப்போயிருக்கும். இணையதளத்திலோ பழைய தேதியே நிற்கும். அதை மாற்றத் தளத்தை வடிவமைத்தவருக்கு போன் போட்டு, அவருக்கு நேரம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். எழுத்தும் அலங்காரமும் ஒரே எச்டிஎம்எல் கோப்பில் பின்னிக் கிடந்தால் இப்படித்தான் ஆகும். தேதியில் கை வைத்தால் பக்கமே குலைந்துவிடுமோ என்ற பயத்தில் அலுவலகத்தில் யாரும் அதைத் தொடமாட்டார்கள்.

இந்தப் பின்னலைப் பிரித்துவைக்கும் மென்பொருள்தான் உள்ளடக்க மேலாண்மை அமைப்பு. துருபல், ஜூம்லா எனப் பல உண்டு. 2003இல் மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் தொடங்கிய வேர்ட்பிரஸ்தான் அவற்றில் மிகப் பரவலானது, இலவசமானதும்கூட. அதில் எழுத்து தரவுத்தளத்தில் இருக்கும். தோற்றம் ‘தீம்’ எனும் தனிக் கோப்புகளில் இருக்கும். வாசகர் பக்கத்தைத் திறக்கும்போது பிஎச்பி நிரல் இரண்டையும் சேர்த்து அனுப்புகிறது.

ஆனால் வேர்ட்பிரஸை நிறுவிவிட்டாலே வேலை முடிந்ததாகாது. எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு அடுக்கும் வசதியோடு தளத்தை ஒப்படைப்பது தாராளம்போலத் தெரியும். சில மாதங்களில் பக்கத்துக்கொரு நிறம், பத்திக்கொரு எழுத்துரு என்று தளம் சிதறிவிடும். பராமரிப்பவருக்குத் தேவை வடிவமைக்கும் சுதந்திரம் அல்ல, தயங்காமல் நிரப்பக்கூடிய கட்டங்கள்.

பள்ளித் தளத்தில் ‘சேர்க்கை அறிவிப்பு’ என்று ஒரு தனிப் பதிவு வகையை உண்டாக்கலாம். வகுப்பு, கடைசித் தேதி, விண்ணப்பப் படிவம் என்று அதில் மூன்றே கட்டங்கள். அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ் போன்ற பிளக்இன், அதாவது கூடுதல் வசதிக்கான துணை நிரல், இதற்கு உதவும். தேதிக் கட்டத்தைத் தொட்டால் நாட்காட்டி விரியும். நாளைத் தேர்ந்தெடுத்தால் போதும். அந்தத் தேதியை எந்த நிறத்தில் காட்டுவது, நாள் கடந்ததும் முகப்பிலிருந்து எப்படி இறக்குவது என்பதையெல்லாம் வடிவமைப்பாளர் ஒருமுறை தீமில் எழுதிவைத்துவிடுவார். சாதாரணப் பக்கங்களிலும், 2022இல் வந்த வேர்ட்பிரஸ் 6.0 பதிப்பு முதல், பத்தி, படம் போன்ற ஒவ்வொரு ‘பிளாக்’கையும் நகர்த்தவோ நீக்கவோ முடியாதபடி திரையிலேயே பூட்டிவைக்கலாம்.

யாருக்கு என்ன அனுமதி என்பதும் முக்கியம். எல்லோருக்கும் நிர்வாகி கடவுச்சொல்லைக் கொடுப்பது பெரும் ஆபத்து. வேர்ட்பிரஸில் ‘பங்களிப்பாளர்’ நிலையில் உள்ளவர் பதிவு எழுதலாம், வெளியிட முடியாது. ‘பதிப்பாசிரியர்’ அதைப் பார்த்து வெளியிடுவார். தவறு நேர்ந்தாலும் பழைய வடிவங்கள் சேமிப்பில் இருப்பதால், முன்பிருந்ததை மீட்டுவிடலாம். மென்பொருளைப் புதுப்பிப்பதும் காப்புப் பிரதி எடுப்பதும் மட்டும் தொழில்நுட்பம் தெரிந்தவர் பொறுப்பிலேயே இருக்கட்டும்.

உங்கள் நிறுவனத்துக்குத் தளம் கட்டித் தருகிறார்களா? கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன், நாளை அதைப் பராமரிக்கப்போகும் அலுவலக உதவியாளரை உட்காரவைத்து, யார் துணையும் இல்லாமல் ஓர் அறிவிப்பைப் போடச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த இடத்தைத் திருத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள்.