தம்பியின் கிட்னியில் குறையில்லை

கொட்டகலை டவுனில் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவருக்கு அவரது தம்பி சிறுநீரகம் கொடுத்துப் பல வருடங்களாகின்றன. அண்மையில் அந்தக் கிட்னியும் பழுதாகத் தொடங்கியது. பயொப்சி பார்த்ததில் 'அமிலொயிட்' என்று முடிவு வந்தது. ஜும்ஆ முடிந்து நின்றவர்கள், "தம்பியின் கிட்னியில் முன்னமே ஏதோ இருந்திருக்கு" என்று பேசிக்கொண்டார்கள். அது தம்பியின் காதுக்கும் போய்விட்டது. நான் வைத்தியர் அல்ல, விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியர். என்றாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நமது உடலில் ஒவ்வொரு புரதமும் ஒரு முறைப்படி மடிந்திருக்கிறது. மடிப்புத் தவறினால் அது நூல்நூலாகச் சேர்ந்து, தையல் மெஷினுக்கு அடியில் சிக்குப்பட்ட நூல் போல உறுப்புகளில் படிந்துவிடும். உடலால் அதை இலகுவில் கரைக்க முடியாது. கொங்கோ சிவப்புச் சாயமேற்றி, முனைவாக்கிய ஒளியில் நுணுக்குக்காட்டியால் பார்த்தால் ஆப்பிள் பச்சையாக மின்னும்.

இப்படிப் படியும் புரதங்கள் முப்பதுக்கு மேல். தீராத காசநோயும் மூட்டுவாதமும் ஒரு வகைக்குக் காரணம் (நீண்ட நாள் இருமலை அலட்சியப்படுத்தும் தோட்டப்புறத்தில் இதைச் சொல்லியே ஆகவேண்டும்). 1993இல் அறியப்பட்ட பைப்ரினோஜன் வகை பரம்பரையானது. 2008இல் கண்டறியப்பட்ட 'லெக்ட்2' வகை மெக்சிக்கோ, பஞ்சாப், எகிப்து வம்சாவளியினரிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. பலருக்குச் சிறுநீரில் புரதம் அதிகம் போகாது, சத்தமில்லாமல் கிட்னி மட்டும் செயலிழக்கும்.

பைப்ரினோஜன், லெக்ட்2 இரண்டும் ஈரலில் உற்பத்தியாகின்றன. கிட்னியை மாற்றினாலும் ஈரல் பழையதுதானே! புதிய கிட்னியிலும் அதே படிவு மெல்ல ஏறலாம். லெக்ட்2 மெதுவானது, மாற்றிய கிட்னி பெரும்பாலும் பல வருடம் உழைக்கும். பைப்ரினோஜன் வகைக்குச் சில நாடுகளில் ஈரலையும் சேர்த்தே மாற்றியிருக்கிறார்கள்.

கொடுத்தவரின் கிட்னியோடு படிவு வந்த சம்பவங்களும் அபூர்வமாக உண்டு. அதை மறைக்கக்கூடாது. ஆனால் இவருக்கு மாற்றிச் சில மாதங்களில் எடுத்த பயொப்சியில் அமிலொயிட் இருக்கவில்லை. பிறகு வந்தது அண்ணனின் உடலிலிருந்துதான்.

எந்த வகை என்பது இன்னும் தெரியவில்லை. அதற்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி போன்ற நுட்பம் தேவை. பரம்பரை வகையென்றால் தம்பியின் இரத்தத்தையும் மரபணுச் சோதனைக்குக் கொடுக்கவேண்டும். அவரிடம் இப்போது இருப்பது ஒரு கிட்னிதான்.