கமாண்ட் பிராம்ப்ட்டை மாற்றி அமைக்க

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் விண்டோவைத் திறந்தால், நீங்கள் இருக்கும் டிரைவ், போல்டர் பெயர்களும் முடிவில் > குறியும் தெரியும். இதுவே பிராம்ப்ட். போல்டருக்குள் போல்டராகச் சென்றால் இது நீண்டு, கட்டளை டைப் செய்யும் இடம் வலது ஓரத்திற்குத் தள்ளப்படும்.

இதைத் தவிர்க்க, பிராம்ப்ட் என ஆங்கிலத்தில் டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, $பி$_$ஜி என ஆங்கில எழுத்துகளிலேயே கொடுத்து என்டர் தட்டுங்கள். போல்டர் பெயர் ஒரு வரியிலும், > குறி அடுத்த வரியிலும் அமையும்.

இடம் மிச்சமாகும் என்று $ஜி மட்டும் கொடுக்க வேண்டாம். போல்டர் பெயரே தெரியாது. டெல் கட்டளை மூலம் அழிக்கும் பைல்கள் ரீசைக்கிள் பின்னுக்குச் செல்லாது. வேறு போல்டரில் இருந்துகொண்டு அழித்துவிட்டால் மீட்பது கடினம்.

பழைய தோற்றம் வேண்டுமா? பிராம்ப்ட் என்று மட்டும் டைப் செய்து என்டர் தட்டுங்கள்.